கரை தெரியும் தூரத்தில் ஒரு பகல்

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணி புறப்பட்டபோது அந்த 56 அடிப் பாய்மரப் படகில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. காற்றையே நம்பி உலகைச் சுற்றிவிட்டு, 2025 மே 29 அன்று இருவரும் அதே கோவாவில் வந்து இறங்கினார்கள். கடந்து வந்த தூரம் 25,000 கடல் மைலுக்கும் மேல்.

அந்தப் பயணத்துக்கு முன்னால் 2022-23இல் கோவாவிலிருந்து கேப் டவுன் வழியாக ரியோ டி ஜெனீரோ வரை போய்த் திரும்பிய நீண்ட பயிற்சிப் பயணம் ஒன்று உண்டு. இதைச் செய்தியில் படித்தவர்கள் இருப்பார்கள். ஆனால் கடலைக் கடக்கப் போகும் எந்தப் படகுக்கும், எந்த மாலுமிக்கும் இதைவிடச் சின்னதான ஒரு தொடக்கம் இருக்கிறது. காலையில் முகத்துவாரத்தைத் தாண்டிப் போய், பொழுது சாய்வதற்குள் துறைக்குத் திரும்பிவிடும் பகல் ஓட்டம் அது. அதை யாரும் வழியனுப்புவதில்லை, படம் எடுப்பதும் இல்லை. நீண்ட பயணத்தில் உயிரைக் காக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றைக் கை கற்றுக்கொள்வது அந்தப் பகலில்தான். அதற்குக் காரணம் வெறும் அனுபவ ஞானம் இல்லை, இயற்பியலிலேயே இருக்கிறது.

பயிற்சி நாளின் காற்றிலிருந்து தொடங்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கோவாக் கரையில் விடியற்காலைக் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். வெயில் ஏற ஏற அது ஓய்ந்துவிடும். பத்து மணி வாக்கில் பாய் துவண்டு தொங்கும். படகு நின்ற இடத்திலேயே நிற்கும். நண்பகலை ஒட்டி, தூரத்தில் கடல் பரப்பின்மேல் ஒரு கருநீலக் கோடு தெரியத் தொடங்கும். காற்று பட்ட இடத்தில் சிற்றலைகள் எழுவதால்தான் நீரின் நிறம் அங்கே அடர்ந்து தெரிகிறது. அந்தக் கோடு படகை எட்டியதும் பாய் நிமிரும். பிறகு வடமேற்கிலிருந்து காற்று படிப்படியாக வலுத்து, பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு உச்சத்தைத் தொட்டு, மாலையில் தணியும்.

இதற்குக் காரணம் தரையும் கடலும் வெயிலை வாங்கும் விதம். தரையில் மேலாக உள்ள சில சென்டிமீட்டர் மண்தான் சூடாகிறது. அதனால் சீக்கிரம் சூடாகிறது. கடலிலோ ஒளி பல மீட்டர் ஆழம் இறங்குகிறது. அலைகள் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் போய்விடுகிறது. தவிர, ஒரு கிலோ காய்ந்த மண்ணை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல நான்கைந்து மடங்கு ஒரு கிலோ நீருக்குத் தேவை. ஆகவே நண்பகலில் தரை கொதிக்கும். கடல் காலையில் இருந்தபடியே இருக்கும். தரைக்கு மேலுள்ள காற்று விரிந்து எழ, அங்கே அழுத்தம் குறைய, கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நேர் மேற்கிலிருந்து வர வேண்டிய அது வடமேற்கிலிருந்து வருவதில் பூமியின் சுழற்சிக்கும் பங்கு உண்டு. வட அரைக்கோளத்தில் ஓடும் காற்று தன் வலப்பக்கமாக வளைகிறது.

பயிற்சிக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைக்காது. காற்றே இல்லாத ஒரு மணி நேரம், மென்காற்று, பிறகு நல்ல காற்று எனச் சுலபத்திலிருந்து கடினத்துக்கு ஒரே பகலில் போய்விடலாம். ஜூன் பிறந்துவிட்டால் இந்த வசதி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் அகுவாதா கோட்டைக்குக் கீழே மாண்டோவி ஆற்றின் வாயில் மணல்திட்டு சேர்ந்து, அதன்மேல் அலை உடையும். அந்த மாதங்களில் சிறு படகுகளுக்கு அங்கே வேலை இல்லை.

சரி, மென்காற்றில் பழகி என்ன பயன்? நீண்ட பயணத்தில் எதிர்ப்படப்போவது புயல் அல்லவா? புதிதாக வருபவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. காற்று தரும் அழுத்தம் காற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 10 நாட் காற்று, அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர், ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 16 நியூட்டன் அழுத்தம் தரும். 20 நாட் காற்று தருவது 64. 30 நாட் காற்று 143. நடுத்தரப் படகு ஒன்றின் பெரும்பாய் 40 சதுர மீட்டர் என்றால், 10 நாட்டில் அதன்மேல் விழுவது சுமார் 65 கிலோ எடைக்குச் சமமான விசை. 20 நாட்டில் 260 கிலோ. 30 நாட்டில் 580 கிலோ. பாயின் வடிவத்தையும் கோணத்தையும் பொறுத்து இந்த எண்கள் கூடும், குறையும். ஆனால் ஒன்றுக்கு நான்கு, ஒன்பது என்ற விகிதம் மாறாது.

65 கிலோ விசையில் ஒரு கயிறு கைநழுவினால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். 260 கிலோவில் நழுவினால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். 580 கிலோவில், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சுக்கும் கயிற்றுக்கும் நடுவே விரல் அகப்பட்டால் விரல் போய்விடும். செய்யும் வேலை மூன்றிலும் ஒன்றுதான். தவறுக்கான விலை மட்டும் மாறுகிறது. 30 நாட்டில் கை எதைத் தானாகச் செய்ய வேண்டுமோ அதை 10 நாட்டில் செய்து செய்து பதியவைப்பதுதான் பகல் ஓட்டம். மென்காற்றில் பாயைச் சுருக்கிப் பார்க்காதவருக்குக் கடுங்காற்றில் அதை முதல்முறையாகச் செய்து பார்க்கும் வாய்ப்பை யாரும் தரக்கூடாது.

பாய் சுருக்குவது எப்படி என்று கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். பெரும்பாயின் முன்விளிம்பு பாய்மரத்தோடும், அடிவிளிம்பு பூம் என்று சொல்லப்படும் கிடைக்கழியோடும் சேர்ந்திருக்கும். காற்று வலுத்தால் பாயை ஓரளவு கீழே இறக்கி, இறங்கிய பகுதியைப் பூமோடு கட்டி, பரப்பைக் குறைக்க வேண்டும். ஒருவர் சுக்கானில். மற்றவர் இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு பாய்மரத்தடியில். சுக்கான்காரர் பாயின் கயிற்றைத் தளர்த்த, பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதில் இருந்த விசை போய்விட்டது என்று அதற்குப் பொருள். பாய்மரத்தடியில் நிற்பவர் பாயை ஏற்றும் கயிற்றை, அதில் முன்பே போட்டுவைத்த அடையாளம் வரும்வரை விடுகிறார். பாயின் முன்விளிம்பில் உள்ள வளையத்தைக் கொக்கியில் மாட்டுகிறார். ஏற்றுகயிற்றை மறுபடி இறுக்குகிறார். பிறகு பின்மூலையைப் பூமோடு இழுத்துக் கட்டும் கயிற்றை வின்ச்சில் சுற்றி, பாயின் புது அடிவிளிம்பு விறைப்பாக நிற்கும்வரை இழுக்கிறார். கடைசியில் சுக்கான்காரர் பாயைத் திரும்ப இழுத்துப் பிடிக்கிறார்.

இதில் வரிசை பிசகக் கூடாது. முன்மூலையை மாட்டி, ஏற்றுகயிற்றை இறுக்கும் முன்பே பின்மூலையை இழுத்தால் பாயின் துணி கிழியலாம். ஏற்றுகயிற்றில் அடையாளம் போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் கூடவோ குறையவோ இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அடையாளத்தைப் போடுவதே பகல் ஓட்டத்தில்தான். நூலைக் கோத்தோ மையால் தீட்டியோ போட்டுவிட்டால், நடுக்கடலில் இருட்டில் கைவிளக்கைப் பிடித்தால் அது தெரியும். கரையில் நிற்கும்போது சரியாகத் தெரிந்த கயிற்றுவழி, காற்று நிறைந்த பாயின் இழுப்பில் எங்கோ ஓர் உலோக விளிம்பில் உராய்வதும் அன்றுதான் கண்ணில் படும். ஒரு பகலில் நூலிழை அளவு தேயும் கயிறு நாற்பது நாளில் அறுந்துவிடும்.

பாயைச் சுருக்கிய பிறகு வேகமானியைப் பார்த்தால் முதல்முறை பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். பாயில் நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கும். படகின் வேகமோ பெரும்பாலும் குறைந்திருக்காது. சில நேரம் கூடவும் செய்யும். அதிகப் பாயோடு படகு மிகவும் சாயும்போது, இழுக்கும் பாய் படகுக்கு வெளியே ஒரு பக்கமாகப் போய்விடுகிறது. நீரின் தடையோ அடிப்பகுதியில் இருக்கிறது. இழுப்பது ஓரிடம், தடுப்பது வேறிடம் என்று ஆனதும், படகு காற்று வரும் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதை நேராக வைக்கச் சுக்கானைப் பலமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். திரும்பி நிற்கும் சுக்கான் நீரைத் தடுக்கும். பாயின் விசையில் ஒரு பகுதி இந்தத் தடையை வெல்வதிலேயே வீணாகிறது. பாயைக் குறைத்ததும் படகு நிமிர்கிறது, சுக்கான் நேராகிறது, தடை போய்விடுகிறது. இந்தப் படகுக்கு எத்தனை நாட் காற்றில் முதல் சுருக்கு, எத்தனையில் இரண்டாவது என்பதைப் படகைக் கட்டியவர் தோராயமாகத்தான் சொல்ல முடியும். சரியான எண் அந்தப் படகில், அந்தச் சுமையோடு, அந்தச் சுக்கானைப் பிடித்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

சுக்கான் இலேசாகும் இதே விஷயம் நீண்ட பயணத்தில் வேறொரு வகையிலும் உதவுகிறது. 1968-69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய மாலுமி ஒரு போட்டியில் கலந்துகொண்டு, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரானார். அவருடைய படகு சுஹைலி நம் மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. நீளம் 32 அடிதான். பாதி வழியில், ஆஸ்திரேலியாவை ஒட்டிய கடலில், தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்துபோனது. அவர் திரும்பவில்லை. பாய்களின் அளவையும் இறுக்கத்தையும் சரியாக வைத்தால் சுஹைலி யார் கையும் படாமல் தன் திசையில் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும்? அந்தப் போட்டிக்கு முன்பே மும்பையிலிருந்து இங்கிலாந்துக்கு அதே படகை ஓட்டிச் சென்றவர் அவர். கேப் டவுனிலிருந்து லண்டன் வரை நிற்காமல் 74 நாள் வந்திருக்கிறார்.

இதன் தொடக்கநிலைச் சோதனையைப் பகல் ஓட்டத்தில் யாரும் செய்யலாம். காற்று சீராக இருக்கும்போது சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். படகு காற்று வரும் பக்கம் திரும்பினால் பெரும்பாய் அதிகம் இழுக்கிறது. அதைக் கொஞ்சம் தளர்த்தலாம். காற்றை விட்டு விலகினால் முன்பாய் அதிகம் தள்ளுகிறது; அதைத் தளர்த்தலாம். முன்பாய் படகின் மூக்கையும், பெரும்பாய் பின்பகுதியையும் தள்ள, இரண்டும் சமமாகும் இடத்தில் படகு தானாக நேரே போகும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கயிறுகளின் நிலையைக் குறித்துவைத்துக்கொண்டால், என்றாவது கருவி செத்துப்போகும் நாளில் அந்தக் குறிப்பு ஒரு கூடுதல் மாலுமிக்குச் சமம்.

அதே போட்டியில் கலந்துகொண்ட டொனால்ட் குரோஹர்ஸ்ட்டின் கதை இதற்கு நேர் எதிரானது. மின்னணுப் பொறியாளரான அவர் டெய்ன்மத் எலக்ட்ரான் என்ற மூவுடல் படகை அவசரமாகக் கட்டினார். போட்டி விதிப்படி 1968 அக்டோபர் 31க்குள் புறப்பட்டாக வேண்டும். கட்டிய இடத்திலிருந்து டெய்ன்மத் துறைக்குப் படகைக் கொண்டுவரும் ஓட்டம் மூன்று நாளில் முடியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் இழுத்துவிட்டது. காற்றை எதிர்த்து அந்தப் படகால் சரியாக ஏற முடியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் பணம் போட்டவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அவரைப் பின்வாங்க விடவில்லை. கடைசி நாளில், முடியாத வேலைகளோடு புறப்பட்டார். தென்பெருங்கடலுக்குள் போகாமலேயே அட்லாண்டிக்கில் சுற்றிக்கொண்டு, போகாத இடங்களைப் போனதாகக் கரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1969 ஜூலை 10 அன்று படகு மட்டும் கண்டெடுக்கப்பட்டது. அதில் அவர் இல்லை. போட்டியில் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை நாக்ஸ்-ஜான்ஸ்டன் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். குரோஹர்ஸ்ட்டை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. அந்த இரண்டு வார ஓட்டம் உண்மையைச் சொல்லியிருந்தது. அதைக் கேட்டு நிறுத்தும் சுதந்திரம் அவருக்கு மிச்சமிருக்கவில்லை.

படகு காற்றை எதிர்த்து எவ்வளவு நேராக ஏறும் என்பதை அளப்பது கடினமே இல்லை. எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசைக்கு நேராகப் போக முடியாது. இடப்பக்கம் கொஞ்ச தூரம், வலப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒரு பக்கம் போகும்போது திசைகாட்டி காட்டும் எண்ணையும், மறுபக்கம் போகும்போது காட்டும் எண்ணையும் எழுதிக்கொண்டு, இரண்டின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் படகின் ஏறுகோணம் வந்துவிடும். 45 டிகிரி என்றால், 100 கடல் மைல் ஏற 141 மைல் ஓட வேண்டும். 50 டிகிரி என்றால் 156. இந்த ஐந்து டிகிரியை வரைபடத்தின்மேல் பென்சிலால் போட்டுப் பார்த்தால் எத்தனை நாள் கூடுகிறது என்பது தெரியும்.

நாள் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். 4,800 கடல் மைல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6 நாட் வேகத்தில் 33 நாள் ஆகும். 5 நாட் என்றால் 40 நாள். இருவருக்கு, ஒருவருக்கு நாளுக்கு 3 லிட்டர் வீதம், அந்த ஒரு நாட் வித்தியாசத்துக்கு 42 லிட்டர் தண்ணீர் அதிகம் தேவைப்படுகிறது. ஆகவே, துறையைச் சுற்றி வெறும் படகை ஓட்டிப் பார்த்து வேகத்தைக் குறித்துக்கொள்வது பயனற்ற வேலை. பயணத்துக்கு ஏற்ற வேண்டிய தண்ணீர், உணவு, உதிரிப்பாகம் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு ஒரு பகல் ஓட வேண்டும். சுமை ஏறிய படகின் வேகம் வேறு, சாய்வு வேறு, சுக்கான் கைக்குப் படும் விதமும் வேறு.

திசைகாட்டியையும் அன்றே சோதிக்க வேண்டும். கையில் ஜி.பி.எஸ். இருக்கும்போது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் திசையறிவது படகுக்குள் இருக்கும் மின்னணுத் திசைகாட்டியைக் கொண்டுதான். அதன் பக்கத்தில் யாரோ ஓர் ஒலிபெருக்கியையோ இரும்புக் கருவிப்பெட்டியையோ வைத்துவிட்டால் அதன் காந்தத்தில் அளவு பிசகிவிடும். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு அடையாளங்களை, ஒரு கலங்கரை விளக்கமும் ஒரு கோபுரமும் என்று வைத்துக்கொள்வோம், வரைபடத்தில் பார்த்து அந்தக் கோட்டின் திசையைக் கணக்கிட்டு, படகை அதே கோட்டில் ஓட்டித் திசைகாட்டி சொல்வதோடு ஒப்பிட வேண்டும். ஒரு டிகிரிப் பிழை 60 மைலில் ஒரு மைலாகும். மூன்று டிகிரி, ஒரு நாள் ஓட்டமான 120 மைலில், ஆறு மைல். இருட்டில் ஒரு தீவைத் தாண்டும்போது ஆறு மைல் என்பது பாறைக்கும் திறந்த கடலுக்கும் உள்ள தூரமாக இருக்கலாம்.

பகல் ஓட்டத்தில் நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுவது, ஆள் நீரில் விழுந்தால் மீட்கும் ஒத்திகை. 6 நாட் வேகத்தில் படகு நொடிக்கு மூன்று மீட்டர் போகிறது. ஒரு நிமிடத்தில் 185 மீட்டர். அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒத்திகையில் ஒருவருக்கு ஒரே வேலைதான்: விழுந்த இடத்தை நோக்கிக் கையை நீட்டி, கண்ணை எடுக்காமல் நிற்பது. ஒரு மிதவையோடு வாளியைக் கட்டிக் கடலில் எறிந்துவிட்டு, அதை எடுக்கப் பழகுவார்கள். வாளியில் நீர் நிறைந்து மிதவை காற்றில் ஓடாமல் மனித உடலைப் போல நிற்கும்.

இங்கே மறுபடி அந்த வர்க்கக் கணக்கு வந்து நிற்கிறது. 18 நாட் காற்று பின்னாலிருந்து வீச, படகு 7 நாட்டில் ஓடுகிறது என்று கொள்ளுங்கள். படகில் இருப்பவர் உணரும் காற்று 11 நாட்தான். வெயில் இதமாக இருக்கிறது, எல்லோரும் சட்டையை மடித்துவிட்டு நிற்கிறார்கள். அப்போது ஒருவர் விழுகிறார். மீட்கப் படகைத் திருப்பிக் காற்றை எதிர்த்து 45 டிகிரியில் வர வேண்டும். வேகம் 6 நாட் என்றாலும், இப்போது காற்றின் வேகமும் படகின் வேகமும் ஒன்றுசேர்ந்து உணரும் காற்று 22 நாட்டைத் தாண்டிவிடும். இரண்டு மடங்குக் காற்று, நான்கு மடங்கு விசை, ஆளோ ஒன்று குறைவு. கடலில் எதுவும் மாறவில்லை. படகு திரும்பியதுதான் மாற்றம். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதும், அந்த நொடியில் பாயின் ஓசை மாறுவதைக் காதால் கேட்டிருப்பதும் வேறு வேறு.

இதமான அரபிக்கடலில் விழுந்தவருக்கு நேரம் இருக்கிறது. தென்பெருங்கடலில் நீரின் வெப்பநிலை 5 டிகிரி அளவுக்கு இறங்கும். அதில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு கட்டுக்குள் நிற்காது. பத்து நிமிடத்துக்குள் கைவிரல்கள் கயிற்றைப் பிடிக்கும் வலுவை இழந்துவிடும். இருவர் மட்டுமே உள்ள படகில் ஒருவர் விழுந்தால் மீட்க மிச்சமிருப்பவர் ஒருவர்தான். அதனால் அங்கே முதல் விதி விழாமல் இருப்பது. உடலோடு கட்டிய கயிற்றின் கொக்கியை, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும்போதும் ஒரு நொடிகூட விடாமல் மாட்டிக்கொண்டே போகும் பழக்கம் பகலிலேயே வந்துவிட வேண்டும்.

படகை நடுக்கடலில் நிறுத்திவைக்கும் வித்தையைப் பழகுவதற்குத் தோதான நேரம் மதியச் சாப்பாட்டு வேளை. முன்பாயை வேண்டுமென்றே தப்பான பக்கத்தில், காற்று வரும் பக்கத்தில், இழுத்துக் கட்ட வேண்டும். சுக்கானைப் படகு காற்றை நோக்கித் திரும்பும் நிலையில் கட்ட வேண்டும். முன்பாய் படகின் மூக்கை ஒருபுறம் தள்ளும். பெரும்பாயும் சுக்கானும் மறுபுறம் தள்ளும். இரண்டும் சமமானதும் படகு ஏறக்குறைய நின்றுவிடும். ஒன்று இரண்டு நாட் வேகத்தில் பக்கவாட்டில் மெல்ல நகரும். சற்றுமுன்வரை அலையில் மோதி அதிர்ந்துகொண்டிருந்த படகில் சட்டென்று சோறு பரிமாறலாம் என்ற அமைதி வரும். புயலில் களைத்துப் போனவர்கள் தூங்கவும், உடைந்ததைச் சரிசெய்யவும் கையாளும் முறை இதுவே. எல்லாப் படகும் இதற்கு ஒரே மாதிரி இணங்காது. எந்தப் பாயை எவ்வளவு வைத்தால் நம் படகு நிற்கும் என்பதை ஒவ்வொருவரும் தாமே கண்டுபிடித்தாக வேண்டும்.

சுக்கான் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகளோடு உலகைச் சுற்றிய முதல் பயணத்தின் கடைசிக் கட்டத்தில், சுக்கான் இயக்கும் அமைப்பு பழுதானதால் தாரிணி மொரிஷியஸில் ஒதுங்க வேண்டியிருந்தது. சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் நடுவே இருக்கும் கம்பியோ பல்லோ போய்விட்டால், சுக்கான் தண்டின் தலையில் நேரடியாகப் பொருத்தித் திருப்ப ஓர் அவசரக் கைப்பிடி எல்லாப் பெரிய படகிலும் இருக்கும். எங்கே இருக்கிறது, எந்த மூடியைத் திறக்க வேண்டும், அந்த மூடி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்பதெல்லாம் கரை தெரியும் தூரத்தில் ஒருமுறை பொருத்தி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு பகல் கற்றுத்தர முடியாதவையும் உண்டு. தூக்கம் அதில் முதன்மையானது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிமாறிக் காவல் இருக்கும் வாழ்க்கையில், நான்காம் நாள் இரவில் மூளை எப்படித் தடுமாறும் என்பதைப் பகலில் ஒத்திகை பார்க்க முடியாது. கடல் நோய் இன்னொன்று. உட்காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போகாததால் வரும் இந்தக் குமட்டல் பலருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். ஒரு பகல் அதைக் குணமாக்காது. ஆனால் யாருக்கு வருகிறது, எந்த மாத்திரை யாரைத் தூங்கவைத்துவிடுகிறது என்பதைச் சொல்லிவிடும். குளிர், இருட்டு, தனிமை இவையும் பகலுக்கு வெளியே உள்ளவை. அதனால்தான் பகல் ஓட்டத்துக்கு அடுத்து ஓர் இரவு, பிறகு இரண்டு மூன்று நாள், பிறகு பல வாரம் எனப் படிகள் ஏறுகின்றன. அந்தப் படிகளில் எதையும் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பதே என் கருத்து. குறிப்பாக முதல் படியை. மேலே உள்ள ஒவ்வொன்றிலும் கை முன்பே அறிந்ததைத்தான் களைத்த உடம்பு திரும்பச் செய்கிறது.

நம் வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ ஒருவர் இப்படியொரு பயணத்துக்குக் கிளம்புகிறார் என்றால், எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்டு அவர்களைத் துரத்தாதீர்கள். கடைசியாக ஓட்டிப் பார்த்தபோது என்னென்ன பழுது தெரிந்தது, அவை சரியாகிவிட்டனவா என்று கேளுங்கள். சரியாகவில்லை, இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று பதில் வந்தால், அந்த ஒரு வாரத்தை அவர்களுக்கு மனமாரக் கொடுங்கள்.